டோக்கியோ ஃப்ளாட் விலை: 1990 குமிழிக்கு முன்னும் பின்னும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் எடோகாவா வட்டாரத்து நிஷி கசாய் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வந்து சில வருடம் வாடகை கட்டியதும் எல்லாருக்கும் ஒரே யோசனை வரும்: ஒரு ஃப்ளாட் வாங்கிவிட்டால் என்ன? உடனே ஆபீஸில் இருக்கும் மூத்த ஜப்பானியர் யாராவது 1990ல் வீட்டு விலை உச்சத்துக்குப் போய்ச் சரிந்த கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார். அப்புறம் என்னிடம் கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஃப்ளாட் விலை எண்கள் எல்லாம் ஃபுதோசான் கெய்சாய் ஆய்வு நிறுவனம் வெளியிடும் புது ஃப்ளாட் சராசரி. தலைநகர் வட்டாரம் என்றால் டோக்கியோ, கனகாவா, சைத்தாமா, சிபா நான்கும் சேர்ந்தது. தொகைகள் யென்னில், லட்சம், கோடி நம் கணக்கு.

அண்ணா, எல்லாரும் பபிள் பபிள் என்கிறார்களே, விலை ஏறினாலே பபிளா?

இல்லை. ஊருக்குள் ஆள் வருகிறார்கள், சம்பளம் கூடுகிறது, வாடகை கூடுகிறது, அதனால் வீட்டு விலையும் கூடுகிறது என்றால் அது சாதாரண ஏற்றம். "நாளைக்கு இன்னும் ஏறும்" என்பது மட்டுமே இன்று வாங்கக் காரணமாகி, அந்த நம்பிக்கையை ஈடாக வைத்து வங்கியும் கடன் கொடுத்தால் அது குமிழி, அதாவது பபிள்.

கண்டுபிடிக்க நான் பார்ப்பது வாடகையை. வாடகை கொடுப்பவர் அந்த வீட்டில் குடியிருக்கத்தான் கொடுக்கிறார்; நாளைய விலையை நம்பி யாரும் வாடகை கொடுப்பதில்லை. 1980களின் கடைசியில் டோக்கியோ ஃப்ளாட் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. வாடகை மெதுவாகத்தான் நகர்ந்தது.

சரி, எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்கியது? எண்ணாகச் சொல்லுங்கள்.

1985ல் தலைநகர் வட்டாரத்தில் புது ஃப்ளாட் சராசரி 2 கோடியே 68 லட்சம். 1987ல் 3 கோடியே 58 லட்சம், 1988ல் 4 கோடியே 75 லட்சம், 1990ல் 6 கோடியே 12 லட்சம். அதுதான் உச்சம்.

இறக்கம் 1991ல் லேசாகத் தொடங்கியது: 5 கோடியே 90 லட்சம். 1992ல் 5 கோடியே 7 லட்சம். 1995ல் 4 கோடியே 15 லட்சம். அடிமட்டம் 2002ல், 4 கோடி. 1990ன் எண்ணை மறுபடி தாண்டியது 2021ல், 6 கோடியே 26 லட்சத்தோடு. ஏறியது 5 வருடம், இறங்கியது 12 வருடம், பழைய இடத்துக்கு வர மொத்தம் 31 வருடம்.

அப்படிப் பார்த்தால் 35 சதவீதம்தானே விழுந்திருக்கிறது? 80 சதவீதம் என்று ஆபீஸில் சொன்னார்களே?

இரண்டும் சரி. 80 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது டோக்கியோ, ஒசாகா உட்பட ஆறு பெரிய நகரங்களின் வணிக நிலம். அது 2000களின் நடுப்பகுதி வரை விழுந்துகொண்டே இருந்தது. அதே நகரங்களில் குடியிருப்பு நிலம் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஃப்ளாட் விலையில் நிலம் ஒரு பகுதிதான். சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் நிலம் மாதிரி விழாது. அதனால் புது ஃப்ளாட்டின் இறக்கம் குறைவாகத் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்னது அந்தந்த வருடம் விற்ற புது ஃப்ளாட்டின் விலை. 1990ல் வாங்கினவர் கையில் இருந்தது 2002ல் 12 வருடப் பழைய ஃப்ளாட். அவருக்கு நிலத்தின் பங்கும் இறங்கியது, கட்டடமும் பழசானது. எனவே அவருடைய நஷ்டம் சராசரி காட்டும் 35 சதவீதத்தை விட அதிகம். புறநகர் என்றால் வாங்கிய விலையில் பாதி கூடத் தேறாமல் போனது சர்வசாதாரணம். சராசரியை உங்கள் வீட்டின் விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைப் பின்னாலும் பல இடத்தில் சொல்ல வேண்டி வரும்.

ஜப்பான்காரர்கள் ஒரு யென் செலவழிக்கவும் பத்து முறை யோசிப்பவர்கள். அவர்கள் எப்படி இதில் மாட்டினார்கள்?

யோசித்துத்தான் மாட்டினார்கள். 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்கள் கூடி டாலர் மதிப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது இரண்டே வருடத்தில் 150க்கும் கீழே வந்தது. ஏற்றுமதிக் கம்பெனிகள் அலறின. பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த ஜப்பான் வங்கி, அதாவது இங்குள்ள ரிசர்வ் வங்கி, 1986 ஜனவரியிலிருந்து வட்டியை ஐந்து தடவை குறைத்து, 5 சதவீதத்திலிருந்து 1987 பிப்ரவரியில் 2.5க்குக் கொண்டுவந்தது. 1989 மே வரை அங்கேயே வைத்திருந்தது.

அதே சமயத்தில் வங்கிகளின் பெரிய வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போனார்கள். டொயோட்டா மாதிரி கம்பெனிகள் பங்கு, கடன் பத்திரம் விற்றே பணம் திரட்டக் கற்றுக்கொண்டன. வங்கியில் டெபாசிட் குவிகிறது, கடன் வாங்க ஆள் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் நிலம் வைத்திருந்த சிறு முதலாளிகளும் ரியல் எஸ்டேட்காரர்களும். வழக்கமாக நிலத்தின் மதிப்பில் 70 சதவீதம் வரை கொடுத்த வங்கிகள், "அடுத்த வருடம் இதன் மதிப்பு ஏறிவிடுமே" என்று முழு மதிப்புக்கும், சில இடத்தில் அதற்கு மேலும் கொடுத்தன. அந்தக் கடனில் அடுத்த நிலம் வாங்கினார்கள், அதனால் விலை ஏறியது, ஏறிய விலையை ஈடாக வைத்து மறுபடி கடன்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: நிலம் விலை இறங்காது. போருக்குப் பிறகு அது இறங்கியது ஒரே ஒரு முறைதான், முதல் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1970களின் நடுவில். நாற்பது வருட அனுபவம் அப்படி இருக்கும்போது இறங்கும் என்று சொன்னவரைத்தான் பைத்தியக்காரன் என்றிருப்பார்கள். போதாக்குறைக்கு 1985ல் தேசிய நில முகமை 2000க்குள் டோக்கியோவுக்கு 5,000 ஹெக்டேர் அலுவலக இடம் தேவைப்படும் என்று மதிப்பிட்டது. அரசாங்கமே சொல்லிவிட்டது, இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஏறியதா?

கிடையாது, இது முக்கியமான கேள்வி. முதலில் சியோடா, சூவோ, மினாத்தோ என்ற மூன்று நடு வட்டாரங்களில் அலுவலக நிலம் ஏறியது. அங்கே பரம்பரையாகச் சின்ன வீடும் கடையும் வைத்திருந்தவர்களிடம் நிலத் தரகர்கள் கேட்காத விலை கொடுத்து வாங்கினார்கள். விற்க மறுத்தவர்களை மிரட்டியதும் உண்டு. விற்றவர்கள் கை நிறையப் பணத்தோடு செதகாயா, சுகினாமி மாதிரி அமைதியான குடியிருப்புப் பகுதிகளுக்குப் போனார்கள். வேறு வீடு வாங்கினால் லாபத்துக்கு வரி தள்ளிப்போகும் என்று சட்டம் இருந்ததால் பேரம் பேசாமல் வாங்கினார்கள். அங்கே இருந்தவர்கள் விற்றுவிட்டு இன்னும் வெளியே போனார்கள். அலை அப்படியே புறநகருக்குப் பரவியது.

அரசு வருடந்தோறும் ஜனவரி 1 நிலவரப்படி நில விலை வெளியிடும். 1988 பட்டியலில் டோக்கியோ வட்டாரக் குடியிருப்பு நிலம் ஒரே வருடத்தில் 68.6 சதவீதம் ஏறியிருந்தது. 1989ல் ஏற்றம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் 1990 பட்டியலில் ஒசாகா வட்டாரம் 56.1 சதவீதம் ஏறியிருந்தது. டோக்கியோ களைத்து நிற்கும்போது ஒசாகாக்காரர்கள் ஓட ஆரம்பித்திருக்கிறார்கள்.

இதில் ஃப்ளாட் எங்கே? நிலம் ரயில் இன்ஜின் என்றால் ஃப்ளாட் கடைசிப் பெட்டி. 1988ல் வாங்கிய நிலத்தில் கட்டடம் எழும்பி விற்பனைக்கு வர இரண்டு வருடம் ஆகும். டோக்கியோ நிலம் நின்ற பிறகும் ஃப்ளாட் சராசரி 1990 வரை ஏறியதற்கு அதுதான் காரணம். 6 கோடி கொடுத்தவர்கள் பழைய உச்சத்துக்குத்தான் பணம் கட்டினார்கள். இன்றைக்குப் புது ஃப்ளாட் விலையைப் பார்த்துச் சந்தை எப்படி இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது இரண்டு வருடப் பழைய செய்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சம்பளக்காரர் அந்த விலையில் எப்படி வாங்கினார்?

தூரமாக, சின்னதாக, நீண்ட காலக் கடனில். 1990ல் தலைநகர் வட்டாரத்தில் ஒரு ஃப்ளாட் விலை ஆண்டு வருமானத்தில் எட்டு மடங்கைத் தொட்டிருந்தது. மக்கள் கோபம் எந்த அளவுக்கு என்றால், 1992ல் மியாசாவா பிரதமராக இருந்தபோது, வருமானத்தின் ஐந்து மடங்குக்குள் வீடு கிடைக்கச் செய்வோம் என்று அரசு ஐந்தாண்டுத் திட்டத்திலேயே எழுதியது. அப்பா முடிக்காத கடனை மகன் தொடர்ந்து கட்டும் இரு தலைமுறைக் கடன்களும் விற்பனைக்கு வந்தன.

வட்டியையும் பாருங்கள். 1990ன் கடைசியில் பெரிய வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன் 8.5 சதவீதம் வரை போனது. 5 கோடி கடன், 35 வருடம் என்றால் மாதத் தவணை 3 லட்சத்து 73 ஆயிரம். அதே கடனுக்கு அரை சதவீத வட்டி என்றால் 1 லட்சத்து 30 ஆயிரம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள்.

பபிளை உடைத்தது யார்?

அரசும் ஜப்பான் வங்கியும், தெரிந்தே. "வீடு வாங்க முடியவில்லை" என்பது அரசியல் பிரச்சினையாகிவிட்டது. 1989 மே முதல் வட்டி ஏறத் தொடங்கி 1990 ஆகஸ்டில் 6 சதவீதம் ஆனது. 1990 மார்ச்சில் நிதி அமைச்சகம், ரியல் எஸ்டேட் கடன் மற்ற கடன்களை விட வேகமாக வளரக் கூடாது என்று வங்கிகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. 1992ல் நிலத்தை வைத்திருப்பதற்கே தனி வரி வந்தது.

முதலில் உடைந்தது பங்குச் சந்தை. நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29ல் 38,915; 1990 அக்டோபர் முதல் நாளன்று ஒரு கட்டத்தில் 20,000க்கும் கீழே. அப்போதும் நிலம் விழவில்லை. பங்கு வேறு, நிலம் வேறு என்று ஒரு வருடத்துக்கு மேல் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உடைந்ததும் விலை ஒரே அடியாக விழுந்திருக்குமே, எண்கள் ஏன் அப்படிக் காட்டவில்லை?

வீட்டுச் சந்தை பங்குச் சந்தை மாதிரி விழாது. முதலில் நின்று போவது விற்பனை. வாங்க ஆள் வருவதில்லை. விற்பவரோ பழைய விலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விளம்பரத்தில் பழைய விலை அப்படியே இருக்கும். யாருக்குக் கட்டாயம் வருகிறதோ, அதாவது வேலை போனவர், விவாகரத்து ஆனவர், கம்பெனி மூழ்கியவர், அவர்தான் முதலில் குறைத்து விற்பார். அந்த விலை அக்கம்பக்கத்து எல்லா வீட்டுக்கும் புது விலை ஆகிவிடும்.

ஜப்பானில் இது இழுத்துக்கொண்டே போனதற்கு வங்கிகள் ஒரு காரணம். வராக்கடனை ஒப்புக்கொண்டு ஈட்டை விற்றால் தங்கள் நஷ்டம் வெளியே தெரியும், அதனால் நிலம் மறுபடி ஏறும் என்று காத்திருந்தார்கள். வீட்டுக் கடனுக்கென்றே 1970களில் உருவான ஜூசென் கம்பெனிகள், வங்கிகளே வீட்டுக் கடனில் இறங்கியதும் பிழைப்புக்காக ரியல் எஸ்டேட்காரர்களுக்குக் கொடுத்திருந்தன. அவற்றில் ஏழு மூழ்கி, 1996ல் 68,500 கோடி யென் வரிப்பணம் போட்டு மூட வேண்டியதாயிற்று. அதற்கு மக்கள் காட்டிய எதிர்ப்பைப் பார்த்து, வங்கிகளைக் காப்பாற்றும் பேச்சை எடுக்கவே அரசியல்வாதிகள் அஞ்சினார்கள். 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கியும் யமாயிச்சி பங்கு நிறுவனமும் ஒரே மாதத்தில் சரிந்த பிறகுதான் வராக்கடன்களை உண்மையாகத் துடைக்கும் வேலை தொடங்கியது.

கட்டிய கம்பெனிகள் மட்டும் காத்திருக்க முடியாது. மிச்ச ஃப்ளாட்டுகளைக் குறைத்துத் தள்ளின. முழு விலை கொடுத்து ஏற்கெனவே குடிவந்தவர்கள் பல இடங்களில் சண்டைக்குப் போனார்கள். பொதுவாக நீதிமன்றங்கள் "சந்தை அப்படி" என்று கைவிரித்தன. பொதுத்துறை வீடமைப்புக் கழகம் ஒன்றின் வழக்கு விதிவிலக்கு: விலையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லாமல் பழைய குடியிருப்பாளர்களிடம் விற்றதற்காக மன உளைச்சலுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2004ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அப்போ 1993, 94ல் விலை இறங்கின பிறகு வாங்கினவர்கள் கெட்டிக்காரர்கள்?

என் பார்வையில் அவர்கள்தான் பரிதாபத்துக்குரியவர்கள். உச்சத்திலிருந்து கால் பங்கு இறங்கிவிட்டது, இனி ஏறும் என்று நினைத்தார்கள். மேலே கொடுத்த எண்களைப் பாருங்கள், அதற்கப்புறமும் 2002 வரை இறக்கம்தான்.

அவர்களுக்குக் கடனிலும் கண்ணி இருந்தது. பொருளாதாரத்தைத் தூக்க அரசு வீட்டுக் கடன் கழகம் ஒரு சலுகைக் கடனைப் பரவலாக்கியது. முதல் 5 வருடத் தவணையை, ஏதோ 50 அல்லது 75 வருடக் கடன் போலக் குறைத்துக் கணக்கிடுவார்கள். 6வது வருடம் தவணை தாவும். 11வது வருடம் வட்டியும் கூடும். அதற்குள் சம்பளம் ஏறியிருக்கும் என்பது கணக்கு. 1998 வாக்கில் தவணை தாவியபோது சம்பளம் ஏறவில்லை, போனஸ் குறைந்தது, பலருக்கு வேலையே போனது. வீட்டை விற்றாலும் கடன் அடையாது. அந்தத் திட்டத்தை 2000ல் நிறுத்தினார்கள்.

கடன் வீட்டு விலையை விட அதிகமானால் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு நடந்துவிடலாம் இல்லையா?

அமெரிக்காவில் சில மாநிலங்களில் முடியும், இங்கே முடியாது. வீட்டை ஏலத்தில் விட்ட பிறகும் மிச்சக் கடன் உங்கள் தலையில்தான். நம் ஊரிலும் அப்படித்தான். அதனால்தான் 1990களில் ஜப்பானியர்கள் சாப்பாட்டைக் குறைத்தாவது தவணையைக் கட்டினார்கள். ஒரு ஆறுதல், கடனோடு ஆயுள் காப்பீடும் சேர்ந்தே வரும். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு வீடு கடனில்லாமல் போய்ச் சேரும்.

யுசாவாவில் ஒரு ஃப்ளாட் 1 லட்சம் யென்னுக்குக் கிடைக்கிறதாமே! வாங்கிப் போடலாமா ப்ரோ?

வேண்டாம். நீகாத்தா மாகாணத்து யுசாவா பனிச்சறுக்கு ஊர். ஷின்கான்சென் அதிவேக ரயில் நிறுத்தம் இருப்பதால் குமிழிக் காலத்தில் டோக்கியோக்காரர்கள் வார இறுதி வீடாகக் கோடிகளில் வாங்கித் தள்ளினார்கள். ஒரு சின்ன ஊரில் ஆயிரக்கணக்கில் ஃப்ளாட்டுகள். பனிச்சறுக்கு மோகம் வடிந்ததும் வாங்க ஆள் இல்லை.

1 லட்சம் என்பது நுழைவுக் கட்டணம் மட்டுமே. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம், பழுதுபார்ப்பு நிதி, வருடா வருடம் சொத்து வரி, எல்லாம் உங்கள் பெயருக்கு வரும். முந்தைய உரிமையாளர் பாக்கி வைத்திருந்தால் அதுவும் வாங்கியவரிடம்தான் கேட்கப்படும். நீச்சல் குளமும் வெந்நீர்க் குளமும் இருக்கிற கட்டடத்தில் அந்த மாதக் கட்டணம் சாதாரணமாக இருக்காது. பனிச்சறுக்கில் உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் அது வேறு கதை.

எப்படியோ 31 வருஷத்தில் விலை திரும்பி வந்துவிட்டதே. பொறுமையாக இருந்தால் நஷ்டமே இல்லை, சரிதானே?

திரும்பி வந்தது புது ஃப்ளாட்டின் சராசரி. 2021ல் விற்ற ஃப்ளாட் தோயோசு மாதிரி பழைய தொழிற்சாலை நிலத்தில் எழும்பிய நாற்பது மாடிக் கோபுரமாக இருக்கலாம். 1990ல் விற்றதோ, ரயில் நிலையத்திலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய சிபா அல்லது சைத்தாமா புறநகர்க் கட்டடமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து "மீண்டது" என்கிறோம். 1990ல் அந்தப் புறநகரில் வாங்கியவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். பிள்ளைகள் நகரத்துக்குள் போய்விட்டார்கள். அவருடைய ஃப்ளாட்டை வாங்கின விலையில் கால் பங்குக்குக் கேட்டாலே அதிர்ஷ்டம்.

நடு வட்டாரத்தில் வாங்கி, தவணையைத் தாக்குப்பிடித்தவர்களில் சிலர் மீண்டார்கள், உண்மை. ஆனால் அவர்கள் கட்டிய வட்டியைக் கணக்கில் சேருங்கள். இன்னொரு பக்கம், ஜப்பானில் அந்த 31 வருடத்தில் பொது விலைவாசி பத்து சதவீதத்துக்குச் சற்று மேல்தான் ஏறியது. நம் ஊர் மாதிரி பணவீக்கம் கடனைக் கரைத்துக் கொடுக்கவில்லை. சென்னையில் இருபது வருடத்துக்கு முன் எடுத்த கடனின் தவணை இன்று சில்லறையாகத் தெரியும். இங்கே 1990ல் எடுத்த கடன் 2010லும் அதே கனம்.

பிறகு ஏன் மறுபடி இப்படி ஏறுகிறது?

காரணம் பல. 2013க்குப் பிறகு ஜப்பான் வங்கி பணத்தைக் கொட்டியது. 2016ல் எதிர்மறை வட்டிக்கே போனது, அதாவது வங்கிகள் தன்னிடம் போடும் பணத்தில் ஒரு பகுதிக்கு வட்டி தராமல் வசூலித்தது. மாறும் வட்டிக் கடன் அரை சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு எண்கள்: அதே மாதத் தவணைக்கு 1990ஐப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கடன் வாங்க முடிந்தது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து கடன் எடுப்பது சாதாரணமாகிவிட்டது. கட்டுமானச் செலவு ஏறியது, கட்டட வேலைக்கு ஆள் இல்லை. யென் மதிப்பு சரிந்ததில் வெளிநாட்டுக்காரர்களுக்கு டோக்கியோ மலிவாகத் தெரிந்தது.

கட்டுவதும் குறைந்துவிட்டது. 2000ல் தலைநகர் வட்டாரத்தில் 95,635 புது ஃப்ளாட் வந்தன. 2024ல் 23,003.

டோக்கியோ நகரப் பகுதியான 23 வட்டாரங்களில் சராசரி 11 கோடியாமே? நமக்கெல்லாம் கனவுதானா?

2023ல் டோக்கியோ 23 வட்டாரச் சராசரி 11 கோடியே 48 லட்சம். 2024ல் கொஞ்சம் இறங்கி 11 கோடியே 18 லட்சம். ஆனால் 2023 மார்ச் மாதம் மட்டும் பார்த்தால் 21 கோடியே 75 லட்சம்! அந்த மாதம் மினாத்தோவில் மீதா கார்டன் ஹில்ஸ் மாதிரி பெரும் பணக்காரக் கட்டடங்கள் விற்பனைக்கு வந்தன, அவ்வளவுதான். புது ஃப்ளாட் குறைவாக வருவதால் நாலு ஆடம்பரக் கட்டடம் சராசரியையே தூக்கிவிடும். எடோகாவா, அதாச்சி, கத்சுஷிகா பக்கம் பழைய ஃப்ளாட் பாருங்கள்; கட்டட அனுமதி 1981 ஜூனுக்கு முந்தியதா பிந்தியதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். நிலநடுக்க விதிகள் அப்போதுதான் கடுமையாக்கப்பட்டன. முந்தியது என்றால் கடன் கிடைப்பதும் மறுபடி விற்பதும் கஷ்டம்.

அப்போ இப்போதும் பபிள்தானா? நேராகச் சொல்லுங்கள்.

1990ன் மறுபதிப்பு இல்லை என்பது என் கருத்து. அன்று நாடு முழுக்க எந்த நிலமும் தங்கம். இன்று நடு டோக்கியோ கோடிகளில் போகும்போதே நாட்டில் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன என்கிறது 2023 அரசுக் கணக்கெடுப்பு, மொத்தத்தில் 13.8 சதவீதம். அன்று கம்பெனிகள் நிலத்தை ஈடு வைத்துக் கடன் மேல் கடன் வாங்கின. இன்று வாங்குபவர்களில் பெரும்பாலோர் குடியிருக்கப் போகிறவர்கள், அல்லது ரொக்கம் வைத்திருப்பவர்கள். வாடகையும் இப்போது ஏறத் தொடங்கியிருக்கிறது.

அதற்காக நிம்மதியாக இருக்கவும் சொல்ல மாட்டேன். மினாத்தோ, சூவோ கோபுரங்களில் சாவி கை மாறும் முன்பே மறுவிற்பனை விளம்பரம் வருவதைப் பார்த்தால், முதல் கேள்வியில் சொன்ன "நாளைக்கு ஏறும்" வாசனை அடிக்கத்தான் செய்கிறது.

வட்டி ஏறினாலும் 5 வருஷத்துக்குத் தவணை மாறாது என்று வங்கியில் சொன்னார்களே?

பல வங்கிகளின் மாறும் வட்டிக் கடனில் அந்த விதி உண்டு, எல்லா வங்கியிலும் இல்லை. 5 வருடத்துக்கு ஒரு முறைதான் தவணை மாறும், மாறினாலும் பழைய தவணையின் 1.25 மடங்குக்கு மேல் போகாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மாறாதது தவணை மட்டும்தான். வட்டி ஏறியதும் அந்தத் தவணைக்குள் வட்டியின் பங்கு பெருகி அசல் குறைவது மெதுவாகும். விட்டுப்போனதெல்லாம் கடைசியில் சேர்ந்து நிற்கும்.

ஜப்பான் வங்கி 2024 மார்ச்சில் எதிர்மறை வட்டியை முடித்தது, 2025 ஜனவரியில் 0.5 சதவீதத்துக்கு ஏற்றியது. பழைய உதாரணத்தையே எடுங்கள்: 5 கோடி, 35 வருடம், வட்டி அரையிலிருந்து ஒன்றரை சதவீதமானால் தவணை 1 லட்சத்து 30 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 53 ஆயிரம். இதைத் தாங்க முடியாது என்றால் அந்த வீடு உங்கள் வரம்புக்கு மேல்.

மற்ற நகரங்களிலும் 31 வருஷம் ஆகுமா?

ஜப்பான் ஒரு எல்லை. ஹாங்காங் 1997 உச்சத்திலிருந்து 2003 சார்ஸ் சமயம் வரை 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது, 2011 வாக்கில் மீண்டது. டப்ளின் ஃப்ளாட்டுகள் 2007 உச்சத்திலிருந்து ஐந்தாறு வருடத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் விழுந்தன. அயர்லாந்தின் வீட்டு விலைக் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது 2022ல். ஆள் வந்துகொண்டே இருக்கும் நகரம் சீக்கிரம் மீளும். வங்கிகள் நஷ்டத்தைச் சீக்கிரம் ஒப்புக்கொண்டாலும் சீக்கிரம் மீளும். ஜப்பானுக்கு 1990களில் இரண்டுமே வாய்க்கவில்லை.

பி.ஆர். இல்லாமல் வாங்க முடியுமா?

வாங்கத் தடையே இல்லை. வெளிநாட்டவரும் இங்கே நிலத்தோடு வீடு வாங்கலாம். கடன்தான் பிரச்சினை. பெரும்பாலான வங்கிகள் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, கேட்கும். கேட்காத வங்கிகள் அதிக முன்பணமோ அதிக வட்டியோ கேட்கும்.

நாலு வருஷத்தில் ஊருக்குத் திரும்பினால் விற்றுவிட்டுப் போகலாம் என்று வாங்குகிறேன். சரியா வருமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் மட்டும் "வாடகையிலேயே இருங்கள்" என்று தயங்காமல் சொல்வேன். மேலே சொன்னபடி விழுந்த சந்தையில் முதலில் அடிபடுவது கட்டாயத்தில் விற்பவர். தேதி குறித்து வைத்துக்கொண்டு வாங்குகிற நீங்கள் அந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள். விசா, வேலை, அப்பா அம்மா உடல்நிலை, எது அழைத்தாலும் சந்தை நிலவரம் பார்க்காமல் கிளம்ப வேண்டியவர்கள் நாம். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு, பதிவுச் செலவு, வரி என்று ஒரு தொகை போகும். விற்காமல் வாடகைக்கு விடலாம் என்றால், வீட்டுக் கடன் குடியிருப்பவருக்குக் கொடுத்தது. வங்கியின் சம்மதம் வேண்டும்.

விலை ஏறியே இருந்தாலும் லாபத்துக்கு வரி உண்டு. விற்கும் வருடத்தின் ஜனவரி 1 அன்று 5 வருடம் நிறைந்திருக்காவிட்டால் 39.63 சதவீதம், தாண்டியிருந்தால் 20.315. சொந்தமாகக் குடியிருந்த வீடு என்றால் லாபத்தில் 3 கோடி வரை கழிவு கேட்கலாம். ஆனால் குடியிருப்பதை நிறுத்திய நாளிலிருந்து மூன்று வருடம் நிறையும் வருடத்தின் டிசம்பர் 31க்குள் விற்றிருக்க வேண்டும். நாட்டை விட்டுப் போன பிறகு விற்றால், வாங்குபவர் விலையில் 10.21 சதவீதத்தைப் பிடித்து வரி அலுவலகத்தில் கட்டிவிட்டுத்தான் மிச்சத்தைத் தருவார். விலை 10 கோடிக்குள் இருந்து, அவர் தான் குடியிருக்க வாங்கினால் மட்டும் அந்தப் பிடித்தம் இல்லை. பிடித்ததை மறு வருடம் கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம். அதற்கு ஜப்பானில் ஒரு வரிப் பிரதிநிதியைக் கிளம்பும் முன்பே நியமித்துவிட்டுப் போங்கள்.